திருமங்கலத்துப் பூங்காவும் தி.நகர் ஸ்டூலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

"நடக்கச் சொன்னேனே, நடக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்பார். "எங்க சார் நேரம்" என்று அந்த அம்மா சொல்வார். டாக்டர் சலித்துக்கொள்வார், கூட வந்த கணவரோ மகனோ "சொன்னா கேக்க மாட்டாங்க சார்" என்று சேர்ந்துகொள்வார்கள். இந்த உரையாடல் தமிழ்நாட்டில் எந்த சர்க்கரை நோய் கிளினிக்கிலும் தினமும் நடக்கிறது. இதில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த அம்மா எங்கே நடப்பார்? எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, யார் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்போது? வேலைக்குப் போகிறவர் என்றால், அந்த வேலையிடம் அவர் காலுக்கும் முதுகுக்கும் என்ன மிச்சம் வைத்து அனுப்புகிறது?

உடற்பயிற்சியை மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமாகவே பேசிப் பழகிவிட்டோம். பெண்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் இடம் சம்பந்தப்பட்டது என்பதுதான் என் வாதம். அதற்குச் சென்னையிலிருந்தே இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று வீட்டுச் சுற்றுப்புறம், இன்னொன்று வேலையிடம்.

ஆசியாட் காலனி

1990களின் பின்பாதியில் டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தது. ஒன்று திருமங்கலத்தில் உள்ள ஆசியாட் காலனி, நடுத்தர வருமானக்காரர்கள் வசிக்கும் இடம். இன்னொன்று தி.நகரில் உள்ள குறைந்த வருமானக் குடியிருப்பு. இரண்டிலும் சேர்த்து 1,262 பேரைப் பரிசோதித்தார்கள். அப்போது காலனியில் 12.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, தி.நகர்க் குடியிருப்பில் 6.5 விழுக்காட்டினருக்கு. வசதி வந்தால் சர்க்கரையும் வரும் என்று அன்று எல்லோரும் சொன்னதற்குப் பொருத்தமான கணக்கு.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஆய்வுக் குழு கணக்கெடுத்ததோடு கிளம்பிப் போய்விடவில்லை. ஆசியாட் காலனியில் கூட்டம் போட்டுப் பேசினார்கள், வீடியோ காட்டினார்கள், துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள், பரிசோதனை முகாம் நடத்தினார்கள். இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான், பொதுவாகச் சமோசாவும் டீயும் முடிந்ததும் கலைந்துவிடும். இங்கே அப்படி ஆகவில்லை. காலனிக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பணம் திரட்டி ஒரு பூங்காவைக் கட்டிவிட்டார்கள். ஏழு ஆண்டுகள் கழித்துக் குழு திரும்பப் போய் அதே மாதிரி கேள்விகளைக் கேட்டது. வாரத்தில் மூன்று முறைக்கு மேல் ஏதாவது உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்திருந்தார்கள். நடக்கிறவர்களை மட்டும் எடுத்தால் 13.8 என்பது 52.1 ஆகியிருந்தது. 2006இல் இது கட்டுரையாக வெளிவந்தது.

இந்த எண்களை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். பத்தில் ஒருவர், ஒன்றரைப் பேர் நடந்த இடத்தில் பாதிப் பேர் நடக்கிறார்கள். அந்த ஏழு வருடத்தில் அவர்களுடைய மன உறுதி நான்கு மடங்கு ஆகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டி வராத, விளக்கு எரிகிற, தெரிந்த முகங்கள் இருக்கிற ஓர் இடம் வந்தது. அதுவும் நாமே காசு போட்டுக் கட்டிய இடம் என்பதால் போகாமல் இருக்க மனசு வராது.

குறையும் சொல்லியாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, பூங்கா கட்டாத இன்னொரு நடுத்தரக் காலனியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஏழு வருடத்தில் ஊர் முழுக்கவே நடைப்பயிற்சிப் பேச்சு அதிகமாகியிருந்தால் அதன் பங்கும் இதற்குள் கலந்திருக்கும். மேலே சொன்ன விழுக்காடுகள் ஆணையும் பெண்ணையும் சேர்த்தவை. ஆகவே பூங்கா வந்ததும் பெண்கள் எல்லாம் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

தி.நகர்க் குடியிருப்பு என்ன ஆனது? பத்தாண்டுத் தொடர் ஆய்வு 2011இல் வந்தது. காலனியில் நீரிழிவு 12.4இலிருந்து 15.4 ஆகியிருந்தது. தி.நகரில் 6.5 என்பது 15.3 ஆகியிருந்தது. காலனியில் 24 விழுக்காடு உயர்வு, தி.நகரில் 135 விழுக்காடு. உணவு, வயது, வேலை மாறியது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு, பூங்கா இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்வது தவறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பணம் திரட்டிப் பூங்கா கட்ட முடிந்தவர்களின் எண்ணிக்கை மெதுவாக ஏறியது. அப்படிக் கட்ட வசதி இல்லாத குறைந்த வருமானக்காரர்களை நோய் பத்தே வருடத்தில் எட்டிப் பிடித்துவிட்டது.

பூங்கா இருக்கிறது, யாருக்கு இருக்கிறது?

சென்னையில் எந்தப் பூங்காவுக்கும் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஆண்களே அதிகம், பெண்களில் பெரும்பாலானவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். முப்பதுகளில் இருக்கிற பெண்கள் அந்த நேரத்தில் குக்கருக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில் நிற்கிறார்கள். பூங்கா திறந்திருக்கிற காலை நேரமும் பள்ளிக்கும் ஆபீஸுக்கும் ஆள்களை அனுப்புகிற நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. பத்து மணிக்கு அவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்போது கேட் பூட்டியிருக்கிற பூங்காக்களும் உண்டு. மாலையில் திறந்தால் டியூஷன், பால், இட்லி மாவு, சமையல்.

ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார். ஈடுபடும் ஆண் 88 நிமிடம். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து டெல்லி ஐஐடியின் ராகுல் கோயல் செய்த ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது. நகர்ப்புற இந்தியாவில், கணக்கெடுத்த நாளில் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்காத பெண்கள் 53 விழுக்காடு, ஆண்கள் 14 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் ஒரு முழு நாள் வாசலைத் தாண்டவில்லை. இவர்களிடம் போய்ப் பத்தாயிரம் அடி நடங்கள் என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

"வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சிதானே" என்று உடனே ஒருவர் சொல்வார். பாதி உண்மை. தரையைக் குனிந்து தேய்ப்பது, கனமான துணியை அடித்துத் துவைப்பது, குடத்தில் தண்ணீர் தூக்கி மாடி ஏறுவது எல்லாம் மூச்சு வாங்க வைக்கும், இதயத்துக்கும் வேலை கொடுக்கும். ஆனால் இன்றைய நகரத்துச் சமையலறையில் பெரும்பாலான நேரம் நின்றுகொண்டு செய்கிற மெதுவான வேலைதான். நறுக்குவது, கிளறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல இரண்டு மடங்கு சக்தியைத்தான் செலவழிக்கும். வேகமாக நடந்தால் மூன்றரை மடங்குக்கும் மேல் போகும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்பது மூன்று மடங்கிலிருந்து தொடங்குகிற கணக்கு. ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்று முட்டி வலியோடு படுக்கிற பெண்ணுக்கு அந்த 150 நிமிடத்தில் பத்து நிமிடம்கூடச் சேராமல் போகலாம். உடம்பு அசந்திருக்கும், ஆனால் உறுதியாகியிருக்காது.

இதைச் சொன்னால் "அந்தக் காலத்தில் அம்மி அரைத்தார்கள், ஆட்டுக்கல் சுற்றினார்கள், நோய் வரவில்லை" என்று அடுத்தவர் ஆரம்பிப்பார். எனக்கு இந்தப் பேச்சு கோபத்தைத்தான் தருகிறது. 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது எத்தனை பெண்களின் தோளும் மணிக்கட்டும் தப்பித்தன என்று அரைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மிக்சி மிச்சப்படுத்திய நேரம் அந்தப் பெண்ணின் கைக்கு வரவே இல்லை என்பதுதான் பிரச்சினை. அது அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

இந்த நெருக்கடியிலும் பெண்கள் வழி கண்டுபிடிக்கிறார்கள். மொட்டை மாடியில் எட்டு போடுகிறார்கள், தரையில் சாக்பீஸால் எட்டு வரைந்து அதன்மேல் வேகமாகச் சுற்றி நடக்கிறார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள், நைட்டியோடு போகலாம், நாய் துரத்தாது, சாம்பார் கொதித்தால் குரல் கொடுப்பார்கள், இறங்கிவிடலாம். மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில் நடந்தால் இதுவும் சாலையில் நடப்பதற்குச் சமம்தான், நேர்கோட்டில் நடந்தால் என்ன எட்டில் நடந்தால் என்ன. ஆனால் இதற்கும் மாடி வேண்டும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு மொட்டை மாடிச் சாவி ஹவுஸ் ஓனரிடம் இருக்கிறது. கீழ் வீட்டில் குடியிருக்கிற பெண் மேலே நடந்தால் "தலைக்கு மேல தொம் தொம்னு சத்தம்" என்று மூன்றாவது நாளே புகார் வந்துவிடும்.

தி.நகர்

இப்போது வேலையிடம். ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை பக்கம் தீபாவளிக்கு முந்தைய வாரம் துணி எடுக்கப் போனவர்கள் எல்லோரும் அந்தப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நிறச் சேலையில், கவுண்டருக்குப் பின்னால், காலையிலிருந்து இரவு வரை நிற்பவர்கள். பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவர்கள். எடுத்துப் போடுவார்கள், மடிப்பார்கள், மறுபடி எடுத்துப் போடுவார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது என்பது பல கடைகளில் எழுதப்படாத விதியாக இருந்தது.

நிற்பதை நாம் உழைப்பு என்று நினைக்கிறோம், உழைப்புதான். உடலுக்குப் பயன் தரும் அசைவாக மட்டும் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறுகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் அந்த பம்பு வேலை செய்யும். ஒரே இடத்தில் நின்றால் அது ஓய்ந்துவிடுகிறது, ரத்தம் காலிலேயே தேங்குகிறது, நரம்பு புடைக்கிறது, சாயங்காலம் செருப்பு வார் தோலில் பதிந்திருக்கும். குதிகால் வலி, இடுப்பு வலி தனி. சக்தி செலவோ உட்கார்ந்திருப்பதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆக, உட்கார்ந்தே இருக்கிற வேலையின் குறையும் இருக்கிறது, கடும் உழைப்பின் வலியும் இருக்கிறது. கழிவறை விஷயம் இதைவிட மோசம். தூரமாக இருக்கிறது, கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், சிறுநீர்த் தொற்று அதிலிருந்து வருகிறது. இப்படி ஒரு நாளை முடித்தவரிடம், இரவு கடை சாத்தியதும் நடைப்பயிற்சி போங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இதில் மாற்றம் மேலிருந்து தானாக வந்துவிடவில்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய் தெருவில் விஜி என்ற தையல்காரர் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி முதலில் கழிவறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் கடைப் பெண்களைத் திரட்டினார். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றியது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே கிடைக்கிற வாய்ப்பில் அவர்கள் உட்காரலாம் என்கிறது அந்தப் பிரிவு. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு ஸ்டூலைச் சேர்க்க 74 வருடம் ஆகியிருக்கிறது.

பல கடைகளில் ஸ்டூல் வந்தது. நானும் பார்த்தேன். அதே சமயம் ஸ்டூல் இருந்தும் அதன்மேல் சேலைக் கட்டு அடுக்கியிருப்பதையும் பார்த்தேன். ஒரு பெரிய கடையில் கவுண்டர் பெண் ஒருவரிடம் "உக்காரலாமேம்மா" என்றேன். "சூப்பர்வைசர் அண்ணா ஒண்ணும் சொல்ல மாட்டார்க்கா, ஆனா யாரும் உக்கார மாட்டோம்" என்றார். பொருளைக் கொண்டுவந்து வைப்பது பாதி வேலை. அதில் உட்கார்ந்தால் யாரும் ஏதும் நினைக்க மாட்டார்கள் என்ற தெம்பு மீதிப் பாதி. ஆசியாட் காலனிக்காரர்களுக்கு அந்தத் தெம்பு இருந்தது, பூங்கா அவர்களுடையது. இந்தப் பெண்களுக்கு ஸ்டூல் கடைக்காரருடையது.

இன்னொரு வேதனையும் இருக்கிறது. இந்தக் கடைகளுக்குப் பக்கத்திலேயே பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதையோடு நடைவளாகம் திறந்தார்கள். சென்னையில் ஒரு பெண் நிம்மதியாக நடக்கக்கூடிய நல்ல இடங்களில் அது ஒன்று என்பேன். அங்கே மாலையில் உலாவுகிறவர்கள் துணி வாங்க வந்தவர்கள். துணி விற்கிறவர்கள் அந்த நேரத்தில் உள்ளே நிற்கிறார்கள்.

ஓஎம்ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலையின் ஐடி ஆபீஸ்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே நாற்காலிக்குக் குறையில்லை, பல இடங்களில் ஜிம்மே இருக்கிறது. ஆனால் இரவு ஷிப்ட் பெண்களைப் பாதுகாப்புக்காக வீட்டு வாசலில் ஏற்றி வாசலிலேயே இறக்குகிறார்கள். அது அவசியம், அதைக் குறைசொல்ல மாட்டேன். தெரு பாதுகாப்பாக இல்லாததால் கேப் வந்தது, கேப் வந்ததால் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற நடையும் போனது. ஆபீஸ் ஜிம்மில் ஆண்கள் அதிகமாக இருக்கும் நேரத்தில் போகத் தயங்கி அதைத் தொடாத பெண்கள் நிறையப் பேர்.

மொத்தக் கணக்கும் மாற்ற முடிந்ததும்

2024இல் லான்செட் குளோபல் ஹெல்த்தில் வந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 42 விழுக்காட்டினரும் போதிய அளவு உடலியக்கம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுவது, அதிக எடையோ உடற்பருமனோ உள்ள பெண்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு, 53.4 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை. எடை கூடியும் ரத்தம் குறைந்தும் இருக்கிற ஒருவருக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். அவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனையாவது எடுத்துப் பாருங்கள்.

நம்பிக்கை தருகிற விஷயமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டுதலைத் திருத்தியபோது, ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. 2024இல், பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்யாத நடுத்தர வயதுப் பெண்களின் கையில் கருவி கட்டி எடுத்த தரவை வைத்து ஓர் ஆய்வு வந்தது. படி ஏறுவது, சுமையோடு விரைந்து நடப்பது மாதிரியான, மூச்சிரைக்க வைக்கும் சின்னச் சின்ன அசைவுகள் நாளுக்குச் சராசரியாக மூன்றரை நிமிடம் அளவுக்கு இருந்த பெண்களுக்கு, அப்படி எதுவுமே இல்லாதவர்களைவிடப் பெரிய இதயக் கோளாறுகளின் ஆபத்து 45 விழுக்காடு குறைவாக இருந்தது. அங்குள்ள பெண்களின் கணக்கு நம் பெண்களுக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை, ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் படி ஏறினார்கள் என்ற சந்தேகமும் நியாயமானது. என்றாலும் துண்டு துண்டாகக் கிடைக்கிற நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் அவர்களிடம் இருப்பது துண்டு நேரம் மட்டும்தான்.

ஆகவே நான் கேட்பவை சின்ன விஷயங்கள். கடைகளில் கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் போதாது. மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் கவுண்டரை விட்டு நகர்ந்து நடக்கவும், கழிவறைக்கு யாரிடமும் கேட்காமல் போகவும் முறைவைத்து ஆள் மாற்ற வேண்டும். தளங்களுக்கு இடையே சரக்கு எடுக்கப் போகிற வேலையை இரண்டு பையன்களுக்கே கொடுக்காமல் சுற்றுமுறையில் எல்லோருக்கும் கொடுத்தால் ஒரே இடத்தில் நிற்பது தானாகக் குறையும். தொழிலாளர் துறை ஆய்வாளர் ஸ்டூலை எண்ணிவிட்டுப் போகாமல் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், அதுவும் பண்டிகைக் கூட்டம் இருக்கிற ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து.

குடியிருப்புகளில் பூங்கா கேட்டைப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை திறந்து வையுங்கள், நிழலுக்கு மரமும் உள்ளே பூட்டாத கழிவறையும் இருந்தால் போதும். ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்தால் விளையாடவிட்டுவிட்டு அம்மா சுற்றி நடக்கும்படி ஊஞ்சலையும் நடைபாதையையும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி அமையுங்கள். அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டங்களில் கார் பார்க்கிங் சண்டைக்குப் போகிற நேரத்தில் பத்து நிமிடத்தை மொட்டை மாடிச் சாவிக்கு ஒதுக்குங்கள், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு சாவி கொடுங்கள். தி.நகர்க் குடியிருப்பு மாதிரி இடங்களில் மக்கள் பணம் திரட்டிக் கட்டுவார்கள் என்று காத்திருக்க முடியாது. அங்கே பக்கத்து மாநகராட்சிப் பள்ளி மைதானத்தைச் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பெண்களுக்குத் திறந்துவிட்டு ஒரு விளக்கும் ஒரு காவலரும் போட்டால் ஆகும் செலவு, மாநகராட்சி பட்ஜெட்டில் கண்ணுக்கே தெரியாது.

வீட்டில் இருக்கிற ஆண்களுக்கு ஒரே ஒரு வேலை. காலை ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை அடுப்பு உங்களுடையது. வாரத்தில் ஐந்து நாள்.